அஞ்சடியில் ஒரு சுமைதாங்கி

1

எங்கள் மகள் வள்ளிக்கண்ணுவின் தெவசம் வருகிற வாரத்தில், அவள் பேரில் நாங்கள் நட்ட கல்லில் முனிசிபல் ஆபீஸ்காரர்கள் வந்து சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறி போட்டது எல்லாம் மாதம் முடிவதற்குள் அஞ்சடியை விட்டுப் போய்விட வேண்டுமாம்.

அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் போனேன். அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசவும் எனக்கு வராது. பேச வராதவள் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பினாங்கு. இதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கடைத்தெருவில் வீடு தனித்தனியாக இருக்காது. ஒரே சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கீழே கடை, மேலே குடித்தனம். மேல்மாடி கடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தூண் மேல் நிற்கும். அந்தத் தூணுக்கும் கடை வாசலுக்கும் நடுவில், வெயில் மழை படாமல் ஜனங்கள் நடந்து போக ஒரு பாதை. அஞ்சு அடி அகலம் விட வேண்டும் என்று சட்டமாம். அதனால் அதற்குப் பேரே அஞ்சடி. ஒரு வீட்டு அஞ்சடி முடிகிற இடத்தில் அடுத்த வீட்டு அஞ்சடி தொடங்கும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ரோட்டில் கால் வைக்காமலே போய்விடலாம்.

போய்விடலாம் என்பது சட்டத்தில். கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? அரிசி மூட்டை, எண்ணெய்ப் பீப்பாய், கோழிக்கூண்டு, மடக்குக் கட்டில் என்று அவரவர் வாசலில் அவரவர் சாமான். எங்கள் வீட்டுக்காரவுக வைத்திருந்த மளிகைக் கடை வாசலிலும் புளிக்கூடை இருக்கத்தான் செய்தது. நடக்கிறவர்கள் சாமானைக் கண்டதும் ரோட்டில் இறங்கி, அதைக் கடந்து, மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று அது.

2

எங்கள் மாடியில் பலகைத் தடுப்பு வைத்து நாலைந்து குடும்பம் இருந்தோம். ஊரிலிருந்து வியாபார விஷயமாக வந்த ஒருத்தர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இம்புட்டு நெருக்கத்துல எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரவுக, "இங்க நான் தும்முனா பக்கத்து அறை வெளக்கு அணைஞ்சு போகும், அம்புட்டுத்தான். மத்தபடி ஒண்ணும் கொறைச்சலில்ல" என்றார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "தும்மும்போது சொல்லிட்டுத் தும்முங்க அண்ணே, நான் வெளக்கப் பொத்திக்கிறேன்" என்றது.

நெருக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காய்கறிச் சந்தை நடக்கிற தூரம். கோயில் நடக்கிற தூரம். ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த தடுப்பிலிருந்து கஞ்சி வந்துவிடும். ஊரில் எங்கள் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் முந்திரித் தோப்புதான் பதில் சொல்லும்.

மாடித் தரையில் ஒரு சின்னப் பலகை தனியாக இருக்கும். அதைத் தூக்கினால் கீழே அஞ்சடி தெரியும். கதவைத் தட்டுகிறது யார் என்று மேலிருந்தே பார்ப்பதற்கு இங்கே எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. எனக்கு வெளியில் போகக் கூச்சம். அந்த ஓட்டை வழியாகத்தான் இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன். மனிதர்களை எல்லாம் உச்சந்தலையை வைத்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு தடவை கோயிலில் ஒருத்தர் என்னை "நல்லா இருக்கீங்களா ஆச்சி?" என்று கேட்டார். யாரென்று விளங்கவில்லை. அவர் குனிந்து சாமி கும்பிட்டபோது, அட, நம்ம பால்காரரு என்று தெரிந்தது.

3

வள்ளிக்கண்ணு தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு ஆகியிருந்தது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால். மாப்பிள்ளைக்கு ஈப்போவில் வேலை.

அவள் என்னைப் போல் இல்லை. வாய் ஓயாது. தெருவில் எல்லோரிடமும் பேசுவாள். இரண்டு வீடு தள்ளி அஞ்சடியில் பலகாரத் தட்டு வைத்து விற்கிற சீனப் பொம்பளை, நாங்கள் ஆசிம் என்று கூப்பிடுவோம், அவளுக்கும் இவளுக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் காலையில் சந்தைக்குப் போனாள். தலையில் ஒரு சின்னக் கூடை. "வயித்துப் பிள்ளைக்காரி எதுக்குடி சொமக்கிற?" என்றேன்.

"வயித்துல இருக்கிறத விடவா ஆத்தா இது கனம்?" என்றாள்.

திரும்பி வரும்போது ஆசிமிடம் பேசுகிற சத்தம் மேலே கேட்டது. ஆசிம் சிரித்தாள். சரி, வந்துவிட்டாள் என்று நான் பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரே ஒரு கடை. அந்தக் கடைக்கு அன்றைக்குத்தான் கருவாட்டுக் கூடைகள் வந்து இறங்கியிருந்தன. அஞ்சடியை அடைத்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எல்லோரையும் போல அவளும் ரோட்டில் இறங்கியிருக்கிறாள். கூடையைச் சுற்றி வந்து எங்கள் தூணுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும்.

லாரி கிறீச்சென்று நிற்கிற சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. காலியாகக் கிடந்த அஞ்சடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று. கீழே இருந்து ஆசிம் கூப்பிட்ட குரலைக் கேட்டபிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

4

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பேரில் வழியோரத்தில் சுமைதாங்கி நடுவார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவிடவும் தூக்கிவிடவும் இன்னொரு ஆளைத் தேட வேண்டாம். அப்படியே கல் மேல் சரித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். செத்தவள் இறக்காத சுமையோடு போனவள். அவள் பேரில் ஒருத்தர் சுமையை இறக்கி வைத்தால் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும்.

கந்தர்வக்கோட்டைச் சந்தைக்குப் போகிற வழியில் அப்படி ஒன்று இருந்தது. சின்ன வயதில் எள்ளு மூட்டையோடு போகும்போது நானும் அதில் இறக்கியிருக்கிறேன்.

காரியம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரவுக அதைத்தான் சொன்னார்கள். "அவளுக்கு ஒரு கல்லு வச்சுப்புடணும்." சமாதிக் கல் செதுக்குகிற சீனக் கல்தச்சரிடம் போய், தன் நெஞ்சில் கையை வைத்து உயரம் காட்டி, மூன்று கல் செய்யச் சொன்னார்கள். மேல் கல்லில் வெட்ட வேண்டிய பேரை ஒரு காகிதத்தில் நான்தான் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். தமிழ் தெரியாத அந்த மனிதர் ஒரு சுழி தப்பாமல் வெட்டியிருந்தார்.

எங்கே நடுவது? அவள் விழுந்தது ரோடு. ரோட்டில் நட முடியாது. எங்கள் வாசலுக்கு நேரே, தூணை ஒட்டி, அஞ்சடியில் நட்டோம். ஊரில் வழி என்றால் இந்தப் பக்கம் பொட்டல், அந்தப் பக்கம் பொட்டல். கல் நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. புதுக்கோட்டையில் தசராவுக்கு எங்கள் ஐயா கூட்டிப் போனபோது பார்த்திருக்கிறேன், கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேர் நேரான தெருக்கள், நடுத்தெருவில் கைவீசிக்கொண்டு நடப்போம். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டோம். இங்கே வழியே அஞ்சு அடிதான் என்பது எங்களுக்கு ஓடவில்லை. தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. செத்த வீட்டில் யார் என்ன சொல்வார்கள்?

கல்லுக்கு வேலை இல்லாமலும் போகவில்லை. காவுதடியில் இரண்டு பக்கமும் கூடை தூக்கி வருகிற சீனர்கள் அதில் தடியைச் சாய்ப்பார்கள். இடியாப்பக்காரர் தட்டை வைத்துவிட்டு முகம் துடைப்பார். ஆசிம் வெள்ளிதோறும் ஊதுபத்தி கொளுத்திச் செருகிவிட்டுப் போவாள். நான் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் பொத்தென்று சுமை வைக்கிற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் எனக்குள் என்னமோ ஒன்று தளரும்.

சில நாள் மத்தியானம், தெருவே அடங்கிக் கிடக்கும்போது, அந்தச் சத்தம் கேட்கும். பொத்தென்று வைக்கிற சத்தம் மட்டும். பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். பெருமூச்சு வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். வராது.

5

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் இல்லை. மோட்டார் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. தெருவில் சைக்கிள் மட்டும்தான். அதற்கும் டயர் கிடைக்காமல் ரப்பர்க் குழாயைச் சுற்றி ஓட்டினார்கள். நடு ரோட்டில் பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். வயிற்றுக்குச் சோறில்லை, நாளைக்கு யாரைப் பிடித்துக்கொண்டு போவானோ என்று குலை நடுக்கம். ஆனால் ரோட்டில் இறங்க மட்டும் பயமில்லை. அந்தச் சமயத்தில் நான் பலகையை மூடிவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். இந்த மாதிரி நாளில் அவள் சந்தைக்குப் போயிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொள்வேன். அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டுக்காரவுகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

சண்டை முடிந்ததும் மோட்டார் திரும்பி வந்தது. முன்னைக்கு இப்போது ஜாஸ்தி. என் மகன் ரத்தினம் துறைமுகத்து ஆபீசுக்குச் சைக்கிளில் போகிறான். சாயங்காலம் அவன் மணிச்சத்தம் கேட்கிற வரைக்கும் நான் பலகையை மூடுவதில்லை. அவன் மகள் ராசாத்தி இங்கிலீஷ் பள்ளிக்கூடம். என்னிடம் பாதி மலாயில்தான் பேசுவாள். கல்லில் இருக்கிற பேரைத் தடவிப் பார்த்து, "அப்பத்தா, இது கோலமா?" என்று கேட்டாள். "ஒங்க அத்தை பேருடி" என்றேன். "கோலம் மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இப்படி இருக்கும்போதுதான் சுண்ணாம்புக் குறி வந்தது. ரோட்டில் ஆள் அடிபடுவது அதிகமாகிவிட்டதாம். ஜனங்கள் அஞ்சடியிலேயே நடக்கும்படி அடைசல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமாம். நான் இத்தனை வருஷமாக மனதுக்குள் எதைச் சாமியிடம் கேட்டேனோ, அது உத்தரவாக வந்திருக்கிறது. அதில் வள்ளிக்கண்ணு கல்லும் சேர்ந்து போகிறது.

ரத்தினத்துக்குக் கோபம். "ஆத்தா, லாரிய மெதுவாப் போகச் சொல்ல இவங்களுக்குத் துப்பில்ல, கல்ல எடுன்னு வாராங்க. நான் மனு எழுதிப் போடுறேன்" என்றான்.

எழுதிப் போட்டான். அதற்கு விசாரணைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்து ஓவர்சியர் ஒருத்தர். வயதானவர், நல்ல மனிதர். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, எனக்கு விளங்குது. ஆனா பேப்பரிலை மூண்டு கட்டம்தான் இருக்கு. கடைச்சாமான், கட்டிடம், கோயில். இதை நான் எதுக்குள்ளை போடுறது?"

"கோயில்னு போடுங்க."

"கோயில் எண்டால் எந்தச் சாமி எண்டு கேப்பினம். தர்மகர்த்தா ஆர் எண்டு கேப்பினம்."

"அப்ப கட்டடம்னு போடுங்க."

"கட்டிடம் எண்டால் பிளான் எங்கை எண்டு கேப்பினம்."

"சாமான் எண்டு போட்டால் ஒரு கேள்வியும் இல்லை, நாளைக்கே எடுத்துப்போடுவினம்" என்று அவரே சொல்லிவிட்டு, மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லிப் போனார். கல்லை எடுத்துவிட்டால் அவள் சுமை அப்படியே நின்றுவிடும். எங்கேயும் இறங்காது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

6

ஒவ்வொரு கடையாக அடைசல் போனது. கருவாட்டுக் கடையும் கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. தெரு முனையிலிருந்து முனை வரைக்கும் அஞ்சடி துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. பெரியவர்கள் தடி ஊன்றிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். எங்கள் வாசலில் மட்டும் கல்.

தெவசம் கழிந்த மறுநாள் பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவுதடிக்காரர் ஒருத்தர் கல்லில் சுமையைச் சாய்த்துவிட்டு அந்தப் பெருமூச்சை விட்டார். அவருடைய இரண்டு கூடையும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அப்போது ஒரு மலாய்க்காரப் பிள்ளை வந்தாள். தலையில் முக்காடு, கையில் சுருட்டின பாய். முக்காட்டுக்கு முன்னால் வயிறு தள்ளிக்கொண்டு தெரிந்தது. மேலிருந்து பார்க்கிற எனக்கே தெரிந்தது என்றால் மாசம் நெருங்கியவள். நின்றாள். கூடையைப் பார்த்தாள். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, தூணைப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, ரோட்டில் இறங்கிவிட்டாள்.

ஹாரன் சத்தம் கேட்டது.

நான் எப்படி மாடிப்படி இறங்கினேன் என்று தெரியாது. முந்தானையைக் கூடச் சரியாகப் போடவில்லை. வாசலுக்கு வந்தபோது அவள் அடுத்த தூணைப் பிடித்து ஏறிவிட்டாள். மோட்டார்க்காரன் என்னவோ திட்டிக்கொண்டு போனான். அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இருபது வயது இருக்காது.

சாயங்காலம் ரத்தினம் வந்ததும் சொன்னேன். "அந்த ஓவர்சியரக் கூட்டிட்டு வா. கல்ல எடுத்துக்கட்டும்."

"என்ன ஆத்தா திடீர்னு?"

"ஒங்க அக்கா பேரைச் சொல்லி இன்னொருத்தி ரோட்டுல எறங்க வேணாம்."

ஓவர்சியர் மறுநாள் வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்றேன். அஞ்சடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஆழமான சாக்கடை. தெரு முனையில் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் அதைத் தாண்டுவதற்கு ஒரு மக்கின பலகைதான் கிடந்தது. அதைக் கையால் காட்டினேன்.

"அந்த எடத்துல, மேல் கல்ல மட்டும் குறுக்கப் போட்டுவிட்டா, ஏறி எறங்க வசதியா இருக்கும். ரோட்டைத் தாண்டி வர்றவுக சட்டுன்னு மேல ஏறிக்கிரலாம்."

அவர் மேல் கல்லில் கையை வைத்துப் பார்த்தார். "நல்ல யோசனை அம்மா. ஆனா பேர் வெட்டியிருக்குதே. சனம் மிதிக்குமே."

ரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா பேரு மேல ஊரே நடக்கணுமா? கல்லக் கொண்டுபோய்க் கடல்ல போட்டாலும் போடுவேன், இதுக்கு ஒத்துக்கிற மாட்டேன்."

"பேரு அடிப்பக்கம் போகட்டும்ப்பா" என்றேன்.

"அப்ப யாருக்குத் தெரியும் அது யாரு கல்லுன்னு?"

"நம்ம ஊருக் கல்லுலயும் பேரு இருந்துச்சு. நான் எத்தனை தடவை சொமை எறக்கியிருப்பேன். ஒரு தடவை கூட அதப் படிச்சதில்ல. எந்தப் பொம்பளை படிச்சா? எறக்குனோம், மூச்சு வாங்குனோம், போனோம். அவளுக்குப் போய்ச் சேராமலா இருந்திருக்கும்?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருட்டிய பிறகுதான் வந்தான். சாப்பிடும்போது, "கொத்தனாருக்கு நான் சொல்லிட்டேன்" என்றான்.

நின்ற இரண்டு கல்லையும் எடுத்துவிட்டு, பேர் இருக்கிற பக்கம் கீழே சாக்கடைத் தண்ணீரைப் பார்க்க, மேல் கல்லைப் போட்டார்கள். ஆசிம் வந்து, ஊதுபத்தியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் செருகினாள்.

ஊரிலிருந்து வந்த ஆள் ஒருத்தர் சொன்னார், கந்தர்வக்கோட்டை ரோட்டில் பஸ் ஜாஸ்தியாகிவிட்டதாம், ரோட்டை அகலம் பண்ணப் போகிறார்களாம், சுமைதாங்கியும் போகுமாம். எனக்குச் சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது? ஆனாலும் சொல்கிறேன். நெருக்கமாக இருந்ததால் இங்கே யாரும் சாகவில்லை. நடக்க வழியில்லாமல் ரோட்டில் இறங்கினவர்கள்தான் செத்தார்கள். கல்லை எடுக்கிறதாக இருந்தால் எடுங்கள். தலையில் சுமையோடு நடக்கிறவர்களுக்கு ஒரு ஓரம் விட்டுவிட்டு எடுங்கள்.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் அந்தப் பொத்தென்ற சத்தம் கேட்பதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. எங்கே போனாளோ என்று இருக்கிறது.

ஊரே அந்தக் கல் மேல் ஏறி இறங்குகிறது. ராசாத்தி குதித்துத் தாண்டுகிறாள். என்னால் மட்டும் அதில் கால் வைக்க முடியவில்லை. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். ரத்தினம் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுல லாரி வருது ஆத்தா, தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

போன வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கால் வைத்தேன். அந்த இடத்தில் வெயில் விழுவதில்லை. காலையிலிருந்து மழை மூட்டம் வேறு. கல் சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன்.

யாரோ அதுவரைக்கும் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி, அது வெதுவெதுப்பாக இருந்தது.